திரையில் இல்லாத பாறை

1

இந்தக் கதை எனக்கு ஒரு முடிதிருத்தகத்தில் கிடைத்தது. முடி வெட்டிக்கொள்ளப் போனவன், தலை பாரம் குறைந்து மனசு பாரம் கூடித் திரும்பி வந்தேன்.

கடைக்காரர் பல வருடப் பழக்கம். பளபளவென்று வழுக்கை. தெருவே அவரை ‘மொட்டை’ என்றுதான் கூப்பிடும். “முடி வெட்டுறவனுக்கு முடி இருந்தா கண்ணாடியில தன்னையே பாத்துக்கிட்டு நிப்பான் சார், வேலை ஓடாது” என்று அவரே சொல்வார். அன்று அவர் கத்தரியைத் தொடவில்லை. என் தலையை வேறொருவர் கவனிக்க, மொட்டை பக்கத்து நாற்காலியில் வாடிக்கையாளர் மாதிரி உட்கார்ந்து வலது கையில் ஒரு ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டிருந்தார். கட்டைவிரல் மட்டும்தான் பந்தைத் தொட்டது. மற்ற விரல்கள் கிளம்பிவந்து பாதி வழியில் நின்றன.

“என்ன ஆச்சு?”

“பாறை சார்.”

“எந்தப் பாறை?”

“அதான் சார் விஷயமே. அந்தப் பாறை அத்தானோட டேப்லெட்ல, கடல் படத்துல இருந்துச்சு. போன வருஷம் நானே கண்ணால பாத்தேன். அன்னைக்கு இல்ல.”

அத்தான் என்றால் அக்காவின் கணவர். லிப்ட் மெக்கானிக். சின்னதாக ஒரு மோட்டார் படகு வாங்கி வைத்திருந்தார். விடுமுறை நாட்களில் இருவரும் தூண்டிலோடு போவார்கள். ஒரு நாள் தண்ணீருக்கு அடியில் இருந்த பாறையில் படகு ஏறியது. அடுத்த அலை படகைப் பக்கவாட்டில் தள்ள, பாறையைத் தள்ளிப் படகை விலக்கலாம் என்று மொட்டை கையை நீட்டினார். படகு பெரிதா, கை பெரிதா? விளிம்புக்கும் பாறைக்கும் நடுவில் கை.

“என் கைய விடுங்க சார். அத்தான நெனச்சாத்தான். அந்த எடத்துல அடையாளம் போட்டோமா, போட்டதா நெனச்சுக்கிட்டோமான்னு அவருக்கே சந்தேகம் வந்துடுச்சு. படகுப் பக்கம் போறதில்ல. லிப்ட்ல போல்ட்ட முடுக்கிட்டு வீட்டுக்கு வந்துடறாராம், அப்புறம் முடுக்கினோமான்னு மறுபடி போய்ப் பாக்கறாராம். ‘மச்சான், எனக்கு மூளை மங்குதுடா’ங்கறார். அந்த மனுஷன் இப்படியே தேஞ்சு போயிடுவாரு சார்.”

தெருவில் நடந்து வரும்போது என்னிடம் ஒரே கேள்விதான் இருந்தது. இருந்த அடையாளத்தை யார் அழித்தது?

விடை எனக்குத் தெரியாது. இனிமேல் வருவதில் பாதி மொட்டை சொன்னது. மீதி நான் கட்டியது. எது எது என்று முடிந்தவரை சொல்லிவிடுகிறேன்.

2

தொடக்கங்கள்.

முதலாவது: ‘கடல் அன்று கண்ணாடி போலக் கிடந்தது...’ (கதைகளில் எந்தக் கடல்தான் கண்ணாடி போல இல்லை? விட்டுவிட்டேன்.)

இரண்டாவது: ‘வானத்தில் செயற்கைக்கோள்கள் சுற்றிக்கொண்டிருக்க, கீழே ஒரு சின்னப் படகில் இரண்டு பேர் தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதை அங்குல சுத்தமாக அறிந்திருந்தார்கள். எதன் மேல் இருக்கிறோம் என்பதை மட்டும்...’ (நன்றாக வருகிறது. அதனாலேயே சந்தேகம். பாதியில் நிற்கட்டும்.)

மூன்றாவது: ‘அவள்தான் அழித்தாள்.’

யார் இவள்? மெக்கானிக்கின் மனைவி, மொட்டையின் அக்கா. மொட்டை அவளைப் பற்றி என்னிடம் சொன்னது கொஞ்சம்தான்: மருந்துக் கடையில் வேலை, தண்ணீர் என்றால் பயம், சமீபத்தில் அம்மாவை இழந்தவள். இந்த மூன்றை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணின் தலையில் ஒரு கை போன பழியைக் கட்டிவிட்டேன்.

அடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். பிறகுதான் தோன்றியது: ஒன்றை அழித்ததால் ஒருவர் கை போன கதை இது. இதில் நான் எதையும் அழிக்கப் போவதில்லை. உதவாத வாக்கியங்கள், அரைகுறைகள் எல்லாம் அங்கங்கே தலைநீட்டிக்கொண்டு இருக்கட்டும். வாசகர் சுற்றிக்கொண்டு போகலாம்.

3

படகில் போகாதவர்களுக்காகச் சில வார்த்தைகள்.

பெரிய கப்பல்களில் இதற்கென்றே கருவிகள் உண்டு. சின்னப் படகுக்காரர்கள் பலர் இப்போது கையில் இருக்கும் போனையும் டேப்லெட்டையும் வைத்தே போகிறார்கள். கடல் படத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டால் போதும். சிக்னல் இல்லாவிட்டாலும் ஒரு நீலப் புள்ளி ‘நீ இங்கே’ என்று காட்டிக்கொண்டே வரும். மெக்கானிக் டேப்லெட்டை ஒரு தெளிவான பிளாஸ்டிக் உறையில் போட்டு, பழைய சைக்கிள் டியூபால் சுக்கான் சக்கரத்துக்குப் பக்கத்தில் கட்டியிருந்தார். வெயிலில் சூடேறினால் அது தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும் என்பதால் மேலே ஒரு துண்டு. ஈரவிரலுக்கு அது மசியாது என்பதால், திரையைத் தொடுமுன் விரலைக் காதுக்குப் பின்னால் துடைத்துக்கொள்வார். உடம்பில் அங்கே மட்டும்தான் காய்ந்திருக்கும் என்பது அவர் கண்டுபிடிப்பு.

“அக்கா கடையில குடுக்கறதும் டேப்லெட்டு, நீங்க கட்டி வெச்சிருக்கறதும் டேப்லெட்டு. ரெண்டப் பாத்தாலும் எனக்குத் தூக்கம்தான் வருது அத்தான்” என்பார் மொட்டை.

“தூங்குடா. முழிச்சிருந்து என்ன கிழிச்ச? அது முழிச்சிருக்கு, போதும்.”

அந்தப் படத்தில் நாமே அடையாளங்கள் போட்டுக்கொள்ளலாம். விரலை ஓர் இடத்தில் அழுத்திப் பிடித்தால் ஒரு சின்னம் கேட்கும், ஒரு பெயர் கேட்கும். மெக்கானிக் இடங்களுக்கெல்லாம் பட்டப்பெயர் வைத்தார். கரையோரம் புல்லே முளைக்காத குன்றுக்கு ‘மொட்டை’. ஒரு கைப்பிடித் தீவுக்கு ‘கடுகு’. முகத்துவாரத்துக்கு அப்பால், படத்தில் வெறும் நீலமாக இருந்த ஓரிடத்தில் அவர் ஒரு மண்டை ஓடு போட்டிருந்தார். ஆபத்து என்பதற்கான சின்னம் அது. அதன் பெயர் ‘அத்தை’.

(படத்தில் காலியாக இருக்கும் இடத்தை நாம் பத்திரமான இடம் என்று எடுத்துக்கொள்கிறோம். யாரும் இறங்கி அளக்கவில்லை என்பதுதான் பல நேரம் அதன் பொருள். இது கடலுக்கு மட்டும் பொருந்துமா என்று ஒரு பத்தி எழுதினேன். கதைக்குள் வந்து உபதேசம் செய்தது. பத்தி போகட்டும், இந்த அடைப்புக்குறி மட்டும் இருக்கட்டும்.)*

* இப்போதுதானே ‘எதையும் அழிக்கமாட்டேன்’ என்றீர்கள் என்று கேட்பீர்கள். ஆமாம். ஒரு பத்தி அழிந்துவிட்டது. எவ்வளவு சுலபமாக நடந்துவிடுகிறது பாருங்கள்.

4

‘அவள்தான் அழித்தாள்’ என்பதை நானே நம்ப முடியாமல் ஒரு நாள் மருந்துக் கடைக்கே போனேன். எனக்குத் தலைவலி இல்லை. தலைவலி மாத்திரை கேட்டேன்.

அட்டையை எடுத்தாள், பின்பக்கம் திருப்பித் தேதியைப் பார்த்தாள், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் அதைக் காலடிக் கூடையில் போட்டாள், வேறொன்று எடுத்தாள். கூடையை அவள் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

“வெறும் வயித்துல போடாதீங்க” என்றாள்.

அவ்வளவுதான் நான் அவளைப் பார்த்தது. அந்தக் கூடையில் விழுந்த அட்டைதான் என் சாட்சியம். இதை வைத்துக்கொண்டு எந்த நீதிபதியும் தீர்ப்புச் சொல்லமாட்டார். கதைக்காரன் சொல்லிவிடுகிறான்.

ஆகவே இனி என் கற்பனை.

அவளிடம் இருந்த போனில் கணவர்தான் அந்தக் கடல் படத்தைப் போட்டுக் கொடுத்தார். டேப்லெட்டிலும் போனிலும் ஒரே கணக்கு. “நான் எங்க இருக்கேன்னு நீ கடையில இருந்தே பாத்துக்கலாம். சும்மா சும்மா போன் பண்ணி மீன விரட்டாத” என்றார். அவளுக்கு அது பெரிய நிம்மதி. கடலையே பார்க்க அஞ்சுகிறவள், கணவரை ஒரு நீலப் புள்ளியாகப் பார்க்கப் பழகிக்கொண்டாள். புள்ளியைத் தவிர அந்தப் படத்தில் வேறு எதையும் அவள் பார்த்ததில்லை.

அம்மா போய்ச் சில வாரங்கள். அம்மாவின் மூக்குக் கண்ணாடி இன்னும் குளியலறை மாடத்தில் இருந்தது. யாரும் எடுக்கவில்லை, யாரும் எடுக்கச் சொல்லவில்லை. ஒரு மதியம், கடையின் பின்னறையில் காலாவதி மருந்துகளைப் பிரித்துக்கொண்டிருந்தபோது போன் ‘இடமில்லை’ என்றது. சரி, இதையும் கையோடு ஒழுங்குபண்ணலாம் என்று உட்கார்ந்தாள். பழைய படங்கள் போயின. யாரோ அனுப்பிய காலை வணக்கங்கள் போயின. கடல் படத்தைத் திறந்து விரல்களால் விரித்தாள். ‘மொட்டை’ வந்தது, சிரித்தாள். ‘கடுகு’ வந்தது. பிறகு ஒரு மண்டை ஓடு. அதன் கீழே ‘அத்தை’.

அவருக்கு அத்தை ஒருத்திதான். இவளைப் பெற்றவள்.

என்ன மனுஷன் இவர்? அம்மாவை இறுதிவரை தூக்கி உட்கார வைத்ததும், நகம் வெட்டிவிட்டதும் இதே கைதானே? அதே கை இங்கே மண்டை ஓடு வரைந்து வைத்திருக்கிறதே?

அழுத்திப் பிடித்தாள். ‘அழிக்கவா?’ என்று கேட்டது. ஏன் என்று கேட்கவில்லை.

தன் போனிலிருந்துதான் போகிறது என்று நினைத்தாள். (இதை நான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்.) அது அந்த நொடியே படகின் டேப்லெட்டிலிருந்தும் போய்விடும் என்பது அவளுக்குத் தெரியாது. அதற்குக் கீழே ஒரு பாறை இருக்கிறது என்பதும் தெரியாது. அவள் அழித்தது ஒரு அவமானத்தை.

கணவரிடம் கேட்கவில்லை. கேட்டுச் சண்டை போட வார்த்தைகளைக்கூடத் தயாராக வைத்திருந்தாள்: ‘எங்கம்மா உங்களுக்கு மண்டை ஓடா?’ அவர் என்றாவது இந்தப் போனை எடுத்துப் பார்த்து, எங்கே என்று கேட்பார், அப்போது வைத்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தாள். அவர் கேட்கவில்லை. அந்த வாக்கியம் நாக்கின் அடியில் கரையாத மாத்திரை மாதிரிக் கிடந்தது.

5

அந்த நாள். இது மொட்டை சொன்னது:

“அத்தான், தண்ணி நெறம் மாறுது.”

“நெழல்டா.”

“மேகமே இல்லையே அத்தான்.”

மெக்கானிக் விரலைக் காதுக்குப் பின்னால் துடைத்துக்கொண்டு திரையைத் தொட்டார். பெரிதாக்கினார். நீலம். வெறும் நீலம்.

“ஸ்க்ரீன்ல ஒண்ணும் இல்ல மச்சான். நீ தூண்டிலப் பாரு.”

அதே வேளையில் மருந்துக் கடையில் (இது நான்): நீலப் புள்ளி நகர்ந்து நகர்ந்து வந்து ஓரிடத்தில் நின்றதை அவள் பார்த்தாள். நின்றால் மீன் படுகிறது என்று அர்த்தம். ‘பரவால்ல, இன்னைக்கு வெறுங்கையோட வரமாட்டாங்க’ என்று நினைத்துக்கொண்டாள். முன்னால் ஒருவர் இருமிக்கொண்டு நின்றார். மருந்தை எடுத்து, குலுக்கிவிட்டுக் குடிக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினாள். புள்ளி அங்கேயே நின்றது. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

(இந்த இடத்தில் இன்னொன்று எழுதியிருந்தேன்: ‘அவளுக்குத் திடீரென்று நெஞ்சு படபடத்தது. படத்தை விரித்தாள். ஐயோ, இது அந்த இடமல்லவா! போனை எடுத்து...’ இல்லை. அப்படியெல்லாம் நெஞ்சு படபடப்பதில்லை. குற்றம் தானாகவே வந்து சேரும். நான் அதை முன்கூட்டிக் கூட்டிவர வேண்டியதில்லை.)

6

மருத்துவமனை நடைவழி (இதுவும் நான்). சுவரோரம் வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். உள்ளே மொட்டையின் கையைத் தைத்துக்கொண்டிருக்கிறார்கள். வெளியே மெக்கானிக், கால்சட்டையில் உப்பு காய்ந்து வெள்ளைக் கோடுகளாக, மடியில் டேப்லெட். உறையைக்கூடக் கழற்றவில்லை. பெரிதாக்குகிறார், சிறிதாக்குகிறார், பெரிதாக்குகிறார்.

அவள் ஓடி வந்தாள்.

“அவனுக்கு எப்படி இருக்கு?”

“இங்கதான்” என்றார் அவர். “இந்த எடத்துலதான் போட்டேன். உங்கம்மா பேருல. பாறை இருக்குன்னு நான்தானே போட்டேன்?”

அவள் பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

“சொல்லு. நான் போட்டேன்தானே? உன் போன்லயும் வருமே. நீ பாத்திருக்கியா?”

இங்கே அவளுக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. கதையில் வாய்ப்பு என்றால் ஒரு வரி. அந்த வரியில் அவள் சொன்னது:

“எனக்கு என்ன தெரியும்.”

அவர் தலையாட்டினார். “அப்ப போடல. போட்டதா நெனச்சிருக்கேன். அவன் சொன்னான், தண்ணி நெறம் மாறுதுன்னு. நான்தான்...” என்று அவர் முடிக்காமல் விட்டார். இந்த வாக்கியத்தைப் பாதியில் விட்டது நானல்ல.

7

மொட்டைக்கு வலி மாத்திரை கொடுக்க அவள் முடிதிருத்தகத்துக்கு வந்தாள். வாடிக்கையாளர் யாரும் இல்லை. மொட்டை கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து பந்தோடு போராடிக்கொண்டிருந்தார்.

“இந்தா. சாப்பிட்டுட்டுப் போடு.”

“அக்கா, உக்காரு. அத்தான் எப்படி இருக்காரு?”

“இருக்காரு.”

“அவர்கிட்ட சொல்லு, அடையாளம் இருந்துச்சு, நான் பாத்தேன்னு. நான் சொன்னா, என்னத் தேத்தறதுக்காகச் சொல்றான்னு நெனக்கிறாரு. உனக்குத் தெரியாதுல்ல, அது அம்மாவே வெச்ச பேரு.”

“எது?”

“அந்தப் பாறை. ஒரு நாள் அம்மாவ படகுல கூட்டிட்டுப் போனோம். உனக்குச் சொல்லல. சொன்னா நீ விடமாட்ட. அந்த எடத்துல லேசா உரசுச்சு. எனக்கு உயிரே போச்சு. அம்மா சிரிக்குது! ‘மாப்பிள்ளை, இது என்ன மாதிரி. தூரத்துல இருந்து பாத்தா தெரியாது, பக்கத்துல வந்தாத்தான் தெரியும். என் பேரப் போடுங்க’ன்னுச்சு. அத்தான் பூ படம் போடப் போனாரு. அம்மா விடல. ‘பூ போட்டா பறிக்க வருவீங்க. மண்டை ஓட்டப் போடுங்க. நான் போன பின்னாடியும் நீங்க ரெண்டு பேரும் என்னச் சுத்திதான் போகணும்’னு... அக்கா? ஏன் அழற? எனக்கு ஒண்ணும் இல்லக்கா, இடது கையாலகூட வெட்டலாம். ஒருத்தன் காது ரெண்டும் பத்திரமா இருந்தா சரி.”

(அம்மா சொன்னதாக இங்கே வருவதை மொட்டை என்னிடம் அப்படியே சொன்னார். அக்கா அழுததையும் சொன்னார். ஏன் அழுதாள் என்று அவருக்குப் புரியவில்லை. தன் கைக்காக என்று நினைத்திருக்கிறார். நான் வேறு மாதிரி நினைத்தேன். இந்தக் கதை முழுக்க அந்த ஒரு அழுகையின் மேல்தான் நிற்கிறது. அவள் வெறுமனே அம்மாவுக்காக அழுதிருந்தால், அந்த அடையாளத்தை டேப்லெட்டே ஏதோ கோளாறில் தின்றுவிட்டிருந்தால், அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான்.)

8

முடிவு. ஒன்றல்ல, பல முறை முயன்றேன்.

ஒரு முடிவில் அவள் சாப்பாட்டு மேசையில் சொல்லிவிடுகிறாள். ‘நான்தாங்க அழிச்சேன்.’ அவர் கையில் தண்ணீர்க் குவளை. அவர் என்ன சொல்வார் என்று நான் பல நாள் காத்திருந்தேன். ‘சரி விடு’ என்று சொல்லவைத்தேன், அவர் குரலில் வரவில்லை. ‘ஏன்டீ அன்னைக்கே சொல்லல?’ என்று கேட்கவைத்தேன். அதற்கு மேல் காட்சி நகரவில்லை. குவளை மேசைக்கு வரவேயில்லை.

இன்னொன்றில் அவள் சொல்லவே இல்லை. அவர் படகை விற்கிறார். லிப்ட் வேலையையும் விடுகிறார். கேஸை அணைத்தோமா என்று அவர் எழுந்து போகும் ஒவ்வொரு முறையும், அணைத்தாயிற்று என்று தெரிந்த அவள் பேசாமல் இருக்கிறாள். இது நடக்கக்கூடியது. எழுத எனக்குத் தெம்பில்லை.

ஆகவே இதோடு நிறுத்துகிறேன்:

ஒரு காலை. அதே மேசை. ஜன்னல் வெளிச்சம் மேசையில் பாதிவரை. இந்தப் பக்கம் அவர், தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்த டேப்லெட்டோடு. கடலுக்குப் போகாவிட்டாலும் தினமும் அதைத் திறந்து அந்த இடத்தைப் பார்ப்பது அவருக்குப் பழக்கமாகிவிட்டது. காய்ந்த விரலைக்கூடக் காதுக்குப் பின்னால் துடைத்துக்கொள்கிறார். எதிர்ப்பக்கம் அவள், போனோடு.

அவள் திரையிலும் அதே கடல். கடைசிப் பயணத்தின் கோடு இன்னும் இருக்கிறது. முகத்துவாரத்திலிருந்து நேராகப் போய், வெறும் நீலத்தில் சட்டென்று முடிகிற கோடு. அது முடிகிற இடத்தில் அவள் விரலை வைத்து அழுத்திப் பிடிக்கிறாள்.

சின்னம் கேட்கிறது. பூக்கள் இருக்கின்றன, நங்கூரங்கள் இருக்கின்றன. அவள் மண்டை ஓட்டைத் தொடுகிறாள்.

பெயர் கேட்கிறது.

அவள் எழுதிச் சேமித்த கணமே அது எதிரில் அவர் கண்முன்னால் முளைக்கும். ‘அத்தை’ என்று எழுதினால், தொலைந்தது திரும்பி வந்துவிட்டது என்பார் அவர். அல்லது, எப்போதும் இங்கேயேதான் இருந்தது, நான்தான் பார்க்கவில்லை என்பார். அந்தச் சந்தேகம் அவரை இன்னும் வேகமாகத் தின்னும். ‘அம்மா’ என்று எழுதினால் வேறு கேள்வியே இல்லை. அந்த வீட்டில் அந்தப் பாறையை அப்படி அழைக்க உரிமையுள்ள விரல் ஒன்றுதான், அது அவருக்கு எதிரில் இருக்கிறது. அவர் தலை நிமிர்வார். அதற்குப் பிறகு நடப்பதை அவர்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். எதுவும் எழுதாமல் போனைக் கவிழ்த்தும் வைக்கலாம்.

ஒரு பெண்ணை இதுவரை கூட்டிவந்து உட்கார வைத்தது நான். இதற்கு மேல் அவள் விரலைப் பிடித்து எழுத எனக்கு மனம் வரவில்லை. என் கையை எடுத்துக்கொள்கிறேன். போன் இப்போது உங்கள் பக்கம் இருக்கிறது.

பெயர் எழுதும் பெட்டி காலியாக இருக்கிறது. எதிரில் அவர் பெரிதாக்குகிறார், சிறிதாக்குகிறார்.

யாரும் தொடாததால் திரை மங்கத் தொடங்குகிறது.